குளிரறைப் பக்கம் வைத்த சோறு

சிவரூபனும் புஸ்பராணியும் ஐந்து வயது மகள் தக்ஷிகாவுடன் வெளிநாட்டில், வெக்ஸ்போர்ட்டில் ஒரு வீட்டின் பேஸ்மென்டுக்குக் குடிவந்தது தொண்ணூற்றெட்டாம் ஆண்டு தை மாதத்தில். மேலே வீட்டுக்காரி கிறிஸ்ரினா தனியாக இருந்தாள். சிரிப்பு என்ன விலை என்று கேட்கிற முகம். சாவியைக் கொடுக்கும்போது தனக்குத் தெரிந்த இங்கிலிஷில் ஒரேயொரு கட்டளை போட்டாள். முன்படிகளுக்குக் கீழே இருக்கிற, சாமான் அடுக்கிவைக்கும் குளிரறைப் பக்கம் சாப்பாடு எதுவும் வைக்கக் கூடாது.

எலிக்குப் பயப்படுகிறாள் என்று புஸ்பராணி நினைத்துக்கொண்டாள். அறையின் கதவு பூட்டியே கிடந்தது. கிட்டப் போனால் ஈரச் சுண்ணாம்பு மணந்தது.

அமாவாசை வந்தது. விரத நாளில் காகத்துக்கு ஒரு பிடி வைக்காமல் அவள் வாயில் சோறு வைக்கமாட்டாள். வளவெல்லாம் முழங்கால் அளவு பனி. வெளியே, முன்படிகளின் கீழ், குளிரறையின் காற்றுத் துளையடியில் மட்டும் ஒரு முழ நிலம் காய்ந்து கிடந்தது. கட்டளை வீட்டுக்குள்தானே என்று தனக்குத் தானே நியாயம் சொல்லிக்கொண்டு, பேப்பர் தட்டில் சோறும் பருப்பும் பூசணிக்காய்க் கறியும் வைத்தாள்.

"கா... கா... வந்து சாப்பிடு."

சற்று நேரத்தில் தட்டு வெறுமையாகிவிட்டது. புஸ்பராணிக்கு மனம் நிறைந்தது. தட்டை எடுக்கும்போதுதான் பார்த்தாள்.

பருப்பில் நான்கு விரல்கள் வழித்த தடம்.

அன்று மத்தியானம் தக்ஷிகா இரண்டு தரம் சோறு வாங்கிச் சாப்பிட்டாள்.

"அம்மா, பசிக்குது."

"இப்பதானே பிள்ளை சாப்பிட்டனி?"

"நான் சாப்பிடேல்லை அம்மா. வாய்க்குள்ள வைக்கேக்க ஆரோ எடுக்கினம்."

சின்னப் பிள்ளையின் கதை என்றுதான் முதலில் சிரித்தார்கள். மாசி முடிவதற்குள் தக்ஷிகாவின் விலா எலும்புகள் தெரியத் தொடங்கின. டொக்டருக்கு ஒன்றும் பிடிபடவில்லை. சிவரூபன் பிள்ளையை வோபர்னில் இருந்த நண்பன் வீட்டுக்குக் கொண்டுபோய் வைத்துப் பார்த்தான். அங்கேயும் பசி பிள்ளையை விடவில்லை.

திரும்பி வந்த பிள்ளையைக் கண்டதும் கிறிஸ்ரினா நெஞ்சில் கையை வைத்தாள்.

"சாப்பாடு வைத்தாயா? கூப்பிட்டாயா?"

"ஓம் அன்ரி," என்றாள் புஸ்பராணி.

அன்றுதான் கிறிஸ்ரினா தன் தெருவைப் பற்றிச் சொன்னாள். சைப்ரஸின் தலைநகர் நிக்கோசியாவில், பழைய மதிலுக்குள் இருந்த தெரு. தச்சர்களும் செருப்புத் தைப்பவர்களும் வாசலில் இருந்தே வேலை செய்வார்கள். எதிர் வீட்டு மரப் பல்கனிக்குக் கையை நீட்டிக் கோப்பி கொடுக்கலாம், அவ்வளவு ஒடுக்கம். தேவாலய மணியும் பள்ளிவாசல் பாங்கும் ஒன்றாய்க் கேட்கும். பிறகு சண்டை வந்து ஊருக்கு நடுவே ஒரு கோடு போட்டார்கள். மண் நிரப்பிய பீப்பாய்கள் தெருவை அடைத்தன. எழுபத்துநாலில் எல்லோரும் போட்டது போட்டபடி ஓடினார்கள். அடுப்பை அணைத்துவிட்டு வருகிறேன் என்று திரும்பிப் போன அவளுடைய தம்பி வரவேயில்லை.

"அந்த அறைக்குள் மூச்சுவிடும் சத்தம் கேட்கும். அவன்தான் என்று எனக்குத் தெரியும். ஆனாலும் நான் ஒன்றும் வைக்கவில்லை. நாங்கள் செத்தவர்களுக்குத்தான் கோதுமை அவித்து வைப்போம். வைத்தால், அவன் செத்தவன்."

புஸ்பராணிக்கு இது புதிதல்ல. ஊர்ச் சண்டைக்குள் தொண்ணூற்றாறில் சந்தைக்குச் சைக்கிளில் போன அவளுடைய தம்பி அன்புராசாவும் திரும்பவில்லை. செத்தவர்களுக்குச் செய்கிற அந்தியேட்டி என்ற சொல்லையே அம்மா எடுக்கவிடுவதில்லை.

"அவருக்கு வையுங்கோ அன்ரி, இல்லாட்டி என்ர பிள்ளை செத்துப்போகும்," என்று காலில் விழாத குறையாகக் கெஞ்சினாள்.

இரண்டு நாள் கிறிஸ்ரினா கதவைத் திறக்கவில்லை. மூன்றாம் நாள் கண்கள் வீங்கிப்போய், சீனி தூவிய அவித்த கோதுமையோடு கீழே இறங்கினாள். குளிரறையைத் திறந்தாள். உள்ளே சுவரில் வெறும் பலகைத் தட்டுகள், சிலந்திக் கூடு. கோதுமையைத் தரையில் வைத்து, தன் பாஷையில் தம்பியின் பெயரைச் சொல்லி அழுதாள். அந்த அழுகையைக் கேட்க முடியவில்லை. புஸ்பராணி பிள்ளையை இறுக அணைத்துக்கொண்டாள்.

கோதுமையை எதுவும் தொடவில்லை.

சுண்ணாம்பு மணம் கனத்தது.

சுவரோரத்தில் யாரோ மூச்சை இழுத்தார்கள்.

"அக்கா... பசிக்குது."

கிறிஸ்ரினா திடுக்கிட்டுத் திரும்பினாள். "இது எங்கள் பாஷை இல்லை."

அன்புராசாவின் குரல் புஸ்பராணிக்குத் தெரியாதா? கிறிஸ்ரினா சிலுவை போட்டுக்கொண்டாள். அவள் சிரித்ததை அன்றுதான் அவர்கள் கண்டார்கள்.

"அப்படியென்றால் என் தம்பி சாகவில்லை!"

கோதுமைத் தட்டையும் தூக்கிக்கொண்டு விறுவிறுவென்று படியேறிப் போனாள்.

அன்றிரவு புஸ்பராணி வெள்ளவத்தையில் இருந்த அம்மாவுக்கு டெலிபோன் எடுத்தாள். ஐயரைப் பிடித்துத் தம்பியின் காரியத்தை முடிக்கச் சொல்ல வேண்டும். அதைவிட வேறு வழியில்லை என்று மனதைக் கல்லாக்கிக்கொண்டுதான் நம்பரை அழுத்தினாள்.

"பிள்ளை, நானே எடுக்கவெண்டு இருந்தனான்." அம்மாவின் குரலில் இரண்டு வருடமாக இல்லாத தெம்பு. "தம்பி கனவில வந்தவனடி. முகமெல்லாம் தெளிஞ்சு, நல்லாத் தேறியிருக்கிறான். ஆரோ புண்ணியவதி வயிறு நிறையச் சோறு போடுறாளாம். அவன் இருக்கிறான் பிள்ளை! நான் சொன்னனான்தானே?"

"ஓம் அம்மா."

"என்னடி, அழுறியே?"

"இல்லை அம்மா."

தக்ஷிகா தட்டை நீட்டிக்கொண்டு நின்றாள். புஸ்பராணி சோற்றைப் போட்டாள்.