பழைய ராமின் வேகம்

"நவம்பர் 9, ஞாயிறு. இன்று ஒரு சின்னத் தவறு. ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் மாற்ற வேண்டும் என்று வகுப்பில் படித்துப் படித்துச் சொல்லியும், இரண்டை மாற்றிவிட்டேன்."

டைரியில் எழுதிவிட்டுப் பேனாவை மூடியபோதுதான், கூடத்தில் அண்ணனின் செருப்புச் சத்தம் சரியில்லை என்று அவளுக்குப் பட்டது. சரக், சரக் என்று தரையைத் தேய்த்துக்கொண்டே போகும் அந்த நடை அவளுக்கு மனப்பாடம். இப்போது ஒரு தேய்ப்புக்கும் அடுத்த தேய்ப்புக்கும் நடுவே நிதானமாக மூச்சு இழுத்து விடலாம் போலிருந்தது. ஞாயிற்றுக்கிழமைச் சோம்பல் என்று நினைத்துக்கொண்டாள்.

கம்ப்யூட்டர் பழுதுபார்க்கும் மாலை வகுப்பில் சேர்ந்த பிறகு அவளே வாங்கிப் பூட்டிய முதல் கம்ப்யூட்டர் அது. மூடி இல்லாமல் மேசை மேல் உறுமிக்கொண்டிருந்தது. சூடான தூசி வாசனை அறையெங்கும். ஒரு பிழைகூட இல்லாமல் தற்காலிக நினைவகமான ராமின் சோதனையை முடித்து நாளை காட்டினால்தான் பரீட்சைக்கு விடுவார்கள். இருந்த ஒரு ராம் ஸ்டிக் போதவில்லை. அண்ணன் தன் பழைய கம்ப்யூட்டரிலிருந்து ஒன்றைப் பிடுங்கி, நாய்க்கு எலும்பு போடுவதுபோல் மேசையில் எறிந்தான்.

"இந்தா. உன் மூளையைவிட வேகமா ஓடும்."

அந்த ஆத்திரத்தில்தான் தவறு நடந்தது. பழையதைச் செருகிய கையோடு ராமின் வேகத்தையும் 3200 மெகாஹெர்ட்ஸுக்கு ஏற்றிவிட்டாள். இரண்டு ஸ்டிக் சேர்ந்து ஓடினால் வேகமானது மெதுவானதுக்கு இறங்கி வர வேண்டும். அது தெரியாதவளும் இல்லை. திரை முழுக்கப் பிழை காட்டும் சிவப்பு வரிகள். பிறகு பயாஸ் என்ற அமைப்புத் திரைக்குள் போய் வேகத்தை ஒரு படி இறக்கி, சோதனையை மறுபடி ஓடவிட்டுத்தான் எழுத உட்கார்ந்திருந்தாள்.

"என்ன… இன்ஜினியரம்மா… புகை… வருதா?"

அறை வாசலில் அண்ணன் நின்றான், கையில் காபி டம்ளரோடு.

"ஏன்ணா இழுத்து இழுத்துப் பேசற? தூக்கமா?"

"நான்… சரியாத்தான்டி… பேசறேன். நீதான்… படபடன்னு… கொட்டற."

சிவப்பு வரிகள் குறைந்திருந்தன, ஆனால் தீரவில்லை. இன்னொரு படி இறக்கி ரீஸ்டார்ட் செய்தாள். திரை இருண்டது. அந்த இருட்டில், கூடத்துக்குத் திரும்பிப் போய்க்கொண்டிருந்த செருப்புச் சத்தம் அப்படியே அறுந்தது. மின்விசிறி சுற்றியது. குழாய் சொட்டியது. தெருவில் யாரோ வண்டியை உதைத்தார்கள். அண்ணனின் சத்தம் மட்டும் இல்லை. திரையில் எழுத்துகள் வந்ததும், எங்கிருந்தோ இழுத்துக்கொண்டு வருவதுபோல் மறுபடி: சர…க்.

எட்டிப் பார்த்தாள். ஒரு காலைத் தூக்கியவன் அதை இன்னும் கீழே வைக்கவில்லை.

பயம் முதுகில் ஏறியது. அதன் பின்னாலேயே, அவளுக்கே வெட்கமான வேறொன்றும் ஏறியது. சின்ன வயதிலிருந்து வாயின் வேகத்தாலேயே இவளை ஜெயித்தவன். இவள் ஒரு பதிலைக் கோப்பதற்குள் நாலு நக்கல் அடித்து, சிரித்து முடித்து, சாப்பிடவும் போய்விடுவான். இப்போது அவன் வாய் மெல்லத் திறக்கிறது. அடுத்து என்ன வரும் என்று அவளுக்கு முன்கூட்டியே தெரிந்தது.

"உனக்கு… எதுக்குடி…"

"இதெல்லாம்னு கேக்கப் போற, அதானே? சொல்லி முடி. நான் போய்க் குளிச்சுட்டு வந்துடறேன்."

வாழ்க்கையில் முதல் தடவை அவள் முந்திக்கொண்டாள். என்ன சுகம். இவ்வளவுதானா இந்த மனுஷன்? வேகத்தை எடுத்துவிட்டால் மிச்சம் ஒன்றுமே இல்லையே.

திரையில் இரண்டே சிவப்பு வரிகள். இருந்தது கடைசிப் படி. இந்தத் தடவை தெரிந்தேதான் இறக்கினாள்.

பிழைகள்: பூஜ்யம்.

அவன் மறுபடி வாசல்வரை வந்திருந்தான். சாய்ந்த டம்ளரிலிருந்து காபி கயிறுபோல் தொங்கியது. தரையைத் தொடவில்லை. உதட்டோரம் அதே ஏளனச் சுழிப்பு.

"அண்ணா?"

"அண்ணா, போதும். விளையாடாத."

அவசரமாக வேகத்தைப் பழையபடி ஏற்றினாள். கருந்திரை. ராம் ஏற்கவில்லை என்று மூன்று பீப். திரும்பிப் பார்த்தாள். அவன் முகத்தில் நிறம் வடிந்துகொண்டிருந்தது. கழுத்து நரம்பு துடிக்கவில்லை. மீண்டும் மூன்று பீப். கம்ப்யூட்டர் தானாகவே கடைசிப் படிக்கு இறங்கி உயிர்பெற்றது. நிறம் கொஞ்சம் திரும்பியது. கொஞ்சம்தான்.

வகுப்பில் முதல் நாள் கேட்டது காதில் விழுந்தது: "கரண்ட் போச்சுன்னா ராம்ல இருந்தது எதுவும் மிஞ்சாது."

தலைக்கு மேல் விளக்கு ஒருமுறை மங்கியது.

எரிந்தது.

அவள் மெல்ல மேசையை விட்டு நகர்ந்தாள். அண்ணன் அசையவில்லை. கண்கள் அசைந்தன. மெதுவாக அல்ல. அவள் போன பக்கமெல்லாம் சட்டென்று, பழைய வேகத்தில். அவளை, பிளக்கை. அவளை, பிளக்கை.

உதடு இன்னும் சிரித்துக்கொண்டிருந்தது.

டைரியை இழுத்து எழுதினாள்:

"நாளைய வேலை: கடை திறந்ததும் கரண்ட் போனாலும் தாங்கும் யுபிஎஸ் ஒன்று வாங்க வேண்டும். பிளக்கைச் சுவரிலிருந்து பிடுங்கி, அதில் மாட்ட வேண்டும்."