ஆறு பேர் சொன்ன களைப்பு

காலை ஆறு நாற்பது. சலவை ஆலையில் நீராவி அடங்கிய பிறகுதான் மடிப்புக்காரம்மா செத்துக் கிடப்பதைப் பார்த்தார்கள். மருத்துவமனைக்குப் போகவேண்டிய படுக்கை விரிப்புகள் அவள்மேல் சரிந்து கிடந்தன. தலைக்கு மேலே நீராவிக் குழாய் வெடித்துப் பிளந்திருந்தது. பாய்லரின் பாதுகாப்பு வால்வுக்கு ஒன்றும் ஆகவில்லை. அதன் கைப்பிடிக் கழுத்தில் மட்டும் மோதிரம் போட்டுக் கழற்றியதுபோல ஒரு பளபளப்பு. தொழிலாளர் ஆய்வாளர் குனிந்து பார்த்தார். ‘துரு இல்லை. நல்ல பராமரிப்பு’ என்று குறித்துக்கொண்டார்.

பத்து மணிக்குள் பாய்லர்காரரைப் பிடித்து உள்ளே வைத்துவிட்டார்கள்.

மூன்றாம் நாள், மதியம் பன்னிரண்டு. ஆய்வாளர் அலுவலகத்தில் மொழிபெயர்ப்பாளராக இருந்தவளின் மேசையில் ஆறு வாக்குமூலங்கள் வந்து விழுந்தன. தொழிலாளிகள் வாயால் சொல்வதைச் சலவை ஆலையே இங்கிலீஷில் எழுதிக் கையெழுத்தோ கைநாட்டோ வாங்கி அனுப்பும். குற்றம் சாட்டப்பட்டவருக்குப் படித்துக் காட்ட அதை அவள் திரும்பத் தமிழாக்க வேண்டும். தைத்த சட்டையைப் பிரித்து மறுபடி துணியாக்குகிற வேலை.

“நாலு மணிக்கு மாஜிஸ்திரேட்கிட்ட வைக்கணும்மா,” என்றார் ஆய்வாளர். “ஆறு பேரும் ஒண்ணைத்தான் சொல்லியிருக்காங்க. ரெண்டு ஷிப்ட் பார்த்துக் களைச்சுப்போய், பிரஷரைக் கவனிக்காம விட்டுட்டான். சட்டுனு முடிச்சுரு.”

வெளி பெஞ்சில் பாய்லர்காரரின் மனைவி உட்கார்ந்திருந்தாள். “அவரு வந்துருவாரா தங்கச்சி?” என்று காலையிலேயே கேட்டிருந்தாள். இந்த ஆறு தாளும் கோர்ட்டில் நின்றால் வரமாட்டார்.

மொழிபெயர்ப்பாளரின் வீட்டில் முதலில் படித்தவள் அவள்தான். படிக்கத் தெரியாமல் அப்பா வைத்த ஒரு கைநாட்டில் வீடே கைமாறிப் போனதைப் பார்த்தவள். சட்டென்று முடிக்கிற பழக்கம் அவளுக்கு இல்லை.

களைப்புக்கு முதல் ஆள் சொன்னதாக இருந்த இங்கிலீஷ் சொல், டயர்ட். இரண்டாவது, வியரி. மூன்றாவது, ஃபட்டீக்ட். பிறகு எக்ஸாஸ்டட், ட்ரெய்ன்ட். களைப்பு, அயர்ச்சி, சோர்வு என்று எழுதிக்கொண்டே போனாள். அடுத்த தாளைப் புரட்டுமுன்பே அடுத்த சொல் வாய்ப்பாடு போல நாக்கில் வந்து நின்றது. புரட்டினாள். அதே சொல். ஜேடட்.

பேனா நின்றது. ஜேடட் என்பது உடம்பின் களைப்பு இல்லை, அனுபவித்து அனுபவித்துத் திகட்டிப்போன சலிப்பு. தினமும் விருந்துக்குப் போகிறவனுக்கு வருவது. கரி அள்ளுகிறவனுக்கு வராது. இந்தச் சொல்லைச் சொன்னதாகக் கைநாட்டு வைத்திருந்தவள் ஓர் இஸ்திரிக்காரி.

பன்னிரண்டு ஐம்பது. ஆலையின் பின்வாசல். இஸ்திரிக்காரி கை கழுவிக்கொண்டிருந்தாள்.

“பாய்லர் அண்ணன் அன்னிக்குக் களைச்சுப்போயா இருந்தாரு?”

“இங்க யாரும்மா களைக்காம இருக்கா? அதை வேற ஆள் வச்சுக் கேக்கறீங்களாக்கும்.”

“நீங்க என்னதான் சொன்னீங்க?”

“வால்வுல கட்டின கம்பியை அவுக்கணும்னு மேனேஜர்கிட்ட அவரு கத்தினதைச் சொன்னேன். மேடம் எழுதிக்கிட்டாங்க. கைநாட்டு வச்சேன்.”

“எதுக்குக் கம்பி?”

“அவசர ஆர்டர் வந்தா வால்வைத் திறக்க விடாம கட்டிருவாங்க. ஆவி வீணாப் போகக்கூடாதாம்.”

“இதை மாஜிஸ்திரேட்கிட்ட வந்து சொல்லுவீங்களா?”

இஸ்திரிக்காரி கையைத் துடைத்தாள். “எம் மருமகளுங்க ரெண்டு பேரும் இங்கதான் வேலை பாக்கறாங்க. படிச்ச பொண்ணு நீ, இதைக் கேக்கற.”

ஒன்று நாற்பது. ஆலையின் நல அதிகாரி அறை. மேடம் என்று ஆலையில் எல்லோரும் பயந்து கூப்பிட்ட அந்த அதிகாரியை மொழிபெயர்ப்பாளருக்கு ஒல்லி என்ற பட்டப்பெயரில்தான் தெரியும். கல்லூரி விடுதியில் மூன்று வருடம் ஒரே அறை.

“வாடி சண்டைக்கோழி. டீ சொல்லட்டுமா?”

“டயர்ட், வியரி, ஃபட்டீக்ட்,” என்றாள் இவள். “அடுத்தது என்ன?”

“எக்ஸாஸ்டட்,” என்றது ஒல்லியின் வாய், அவளைக் கேட்காமலே.

டீ சொல்ல எடுத்த போனை ஒல்லி கீழே வைத்தாள்.

“ஒரே சொல்லை ரெண்டு தடவை எழுதினா நம்ம இங்கிலீஷ் மேடம் சிவப்புக் கோடு போடுவாங்க,” என்றாள் இவள். “ரெண்டு பேரும் சேர்ந்து, ஒரே அர்த்தச் சொல்லெல்லாம் வரிசையாப் போட்ட ஒரு கிழிஞ்ச புத்தகம் வாங்கி, பக்கத்தை அப்படியே வரிசையா உருப்போட்டோம். உங்க மேனேஜர் எழுதியிருந்தா ஆறு தாள்லயும் டயர்ட்தான் இருந்திருக்கும். தலைமுறையா படிச்ச வீட்டுப் பொண்ணா இருந்தா ஜேடட்டை அங்க வச்சிருக்க மாட்டா. ஒண்ணு விடாம வரிசையா எழுத நம்மள மாதிரி உருப்போட்ட கழுதையாலதான் முடியும். ஆறு பேர் பேசவே இல்லை. நீ பேசியிருக்க.”

“கம்பி கட்டச் சொன்னது மேனேஜர்,” என்றாள் ஒல்லி. “வெடிச்சப்புறம் அவுத்துக் குப்பையில போட்டது நானு.”

“வந்து சொல்லு.”

“சொன்னா நான் உள்ள போவேன். நாளைக்கே இந்த நாற்காலியில இன்னொருத்தி உக்காருவா. அவளும் நம்மள மாதிரியே ஒரு வீட்டுலேருந்துதான் வருவா. அவளும் எழுதுவா.” அழவில்லை. “நான் இப்படிச் சொன்னேன்னு நீ சொன்னா, இல்லைன்னுருவேன்.”

மூன்றேகால். ஆய்வாளர் முழுவதையும் கேட்டார். வால்வின் பளபளப்பு கம்பி உரசியது என்றபோது முகம் சுருங்கியது. தான் குனிந்து பார்த்ததல்லவா.

“மேனேஜர் கட்டச் சொன்னான், உன் சிநேகிதி மறைச்சா. சரி, நம்பறேன். கம்பி எங்க? சாட்சி எங்க? அகராதியைக் கொண்டுபோய்க் கூண்டுல ஏத்தவா?”

“நான் இதுல கையெழுத்துப் போடமாட்டேன் சார்.”

“போடவேணாம்மா. இப்பத்தான் போன் வந்துச்சு. அந்தாளே ஒத்துக்கிட்டான். வழக்கு நடத்தினா வருஷக்கணக்கா உள்ள கிடக்கணும், ஒத்துக்கிட்டா மூணே வருஷம்னு வக்கீல் சொல்லியிருக்காரு. ஒத்துக்கிட்டவனுக்குப் படிச்சுக் காட்ட என்ன இருக்கு? மாஜிஸ்திரேட்டுக்கு இங்கிலீஷ் தெரியும்.”

அவளுடைய தமிழ்த் தாள்களை அவரே அடுக்கி, கிளிப் போட்டு, மரியாதையாகத் திருப்பிக் கொடுத்தார்.

நாலு மணி. பெஞ்சில் இருந்தவள் எழுந்தாள்.

“அவரு என்னன்னு ஒத்துக்கிட்டாரு தங்கச்சி?”

“களைச்சுப்போயிருந்தேன்னு.”



“எங்கிட்ட ஒரு நாள்கூட அவரு அப்படிச் சொன்னதில்லையே,” என்றாள் பாய்லர்காரரின் மனைவி.