தன்னொளி மாலை யாருடையது?

தைப்பூசத்து நிலவு வெள்ளாற்றின் கீழ்க்கரைத் தோப்புகளுக்கு மேலே மெல்ல மெல்லத் தலைநீட்டி, நுங்கும் நுரையுமாய் ஓடிய வெள்ளத்தின் மீது பால் நிறத்தை வாரி இறைத்துக்கொண்டிருந்த அந்த அந்தி நேரத்தில், மருதந்துறைக் கோட்டையின் நீர்வாயில் முகப்பில் போட்டிருந்த பெரும் பந்தலுக்குள் ஊரே திரண்டு வந்து நெரிசலாய் உட்கார்ந்திருந்தது. ஆறு அழகாகத்தான் இருந்தது, வாசகர்களே! கோட்டை மதில்களும் அழகாகத்தான் இருந்தன. ஆனால் அந்த அழகையெல்லாம் சாவகாசமாக நின்று வர்ணிக்க எனக்கு இன்று மனமில்லை. அந்தப் பந்தலில் நடந்ததை நினைத்தால் இன்றைக்கும் வயிறு எரிகிறது.

பெண்கள் பகுதியில், தூணோரமாக உட்கார்ந்திருந்தாள் வீதிவிடங்கி. அவ்வூர்ச் சிவன் கோயிலில் பதிகம் பாடும் பெண் அவள். இருபத்தாறு வயதுக்குள் ஒரு நூலைச் செய்து முடித்திருந்தாள். தன்னொளி மாலை என்று அதற்குப் பெயர். ஒரு பாட்டு, அதை அடுத்து ஒரு சிறு உரைநடை, மறுபடி ஒரு பாட்டு என்று கலந்து தொடுத்தது. கூட்டத்தோடு கூட்டமாக நின்று கும்பிட்டவள், தன்னந்தனியாக இறைவனைத் தேடிப் போன கதைதான் அதில் இருந்ததெல்லாம்.

அந்நாட்டில் ஒரு வழக்கம் இருந்தது. பெண் செய்த நூல் அவையேற வேண்டுமானால், அரசகுலத்தான் ஒருவன் அதைத் தலைமேல் ஏந்தி வரவேண்டும். அவை விளக்கின் முன் நின்று, செய்தவர் பெயரைச் சொல்லிச் சத்தியம் செய்யவேண்டும். குற்றமற்ற நூலென்று அவை தீர்த்தால், செய்தவருக்குப் பட்டும் பரிவட்டமும் கிடைக்கும். குற்றமுள்ளதென்று தீர்த்தால், ஏடு தீக்குப் போகும், செய்தவர் திரும்பி வராதபடி ஆற்றுக்கு அப்பால் போகவேண்டும். அவையேறாத நூலைப் படி எடுக்க அங்கே ஒருவரும் துணிவதில்லை.

ஏந்தி வர முன்வந்தவர் வேறு யாருமில்லை, இளவரசர் சேந்தராயரேதான். இரண்டு ஆண்டுகளாக அவள் பாடுவதைக் கேட்பதற்கென்றே அர்த்தசாம பூசைக்கு வந்துகொண்டிருந்தவர். அன்று காலையில்கூட நந்தவனத்து மகிழ மரத்தடியில் அவள் கையைப் பற்றிக்கொண்டு, "விடங்கி! இன்று மாலை விளக்கின் முன்னால் உன் பெயரை நான் சொல்லும்போது, ஆற்றுக்கு அக்கரையில் இருப்பவனுக்கும் கேட்கும்படி சொல்வேன், பார்!" என்று ஆணையிட்டுச் சொன்னார். பாவிப் பெண் நம்பினாள். நம்பாமல் என்ன செய்வாள்? அவர்மீது உயிரையே வைத்திருந்தாள்.

கொம்புகள் முழங்கின. பட்டில் பொதிந்த ஏட்டுக்கட்டைத் தலைமேல் ஏந்தி வந்த சேந்தராயர், விளக்கின் முன் நின்று கணீரென்று சொன்னார்:

"தன்னொளி மாலை என்னும் இந்நூலைச் செய்தவன், மருதந்துறை இளவரசன் சேந்தன். இது சத்தியம்!"

அவை ஆரவாரித்தது. மேடையில் வீற்றிருந்த பேரரசரின் தூதர் முகமலர்ந்து தலையசைத்தார். கல்வியிற் சிறந்த இளவரசனுக்குத்தான் தம் மகளைக் கொடுப்பதென்று பேரரசர் சொல்லியிருந்த செய்தி அப்போதுதான் பெண்கள் பக்கத்தில் காதோடு காதாகப் பரவியது. விடங்கிக்கு எல்லாம் விளங்கிவிட்டது.

"என்னடி இது அக்கிரமம்!" என்று அவள் தோளைப் பிடித்து உலுக்கினாள் பக்கத்தில் இருந்த தோழி ஐயாறி. "பகல் கொள்ளையால்ல இருக்கு! எழுந்திருச்சுச் சொல்லுடி, என்னுதுன்னு!"

"சும்மா இரு, ஐயாறி."

"எப்படியடி சும்மா இருக்கிறது? ராவெல்லாம் கண்ணு முழிச்சு நீ எழுதினதை நான் பார்த்தேனே!"

"இரு. படிக்கத் தொடங்கிவிட்டார். கேட்போம்."

நன்றாகவே படித்தார், அதையும் சொல்லத்தான் வேண்டும். வெண்கலக் குரல் அவருக்கு. பாட்டு முடிந்து உரை வரும்போதெல்லாம் முன்வரிசைக் கிழவர்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். தன் நெஞ்சைப் பிழிந்து எழுதியதைக் கேட்டு ஊரார் அழுவதையும், அழுதுவிட்டு வேறொருவரை வாழ்த்துவதையும் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள் விடங்கி. பெயர் போனால் போகட்டும், நூலாவது பிழைக்கட்டும் என்று பல்லைக் கடித்துக்கொண்டாள். அந்தப் பாழாய்ப்போன மனசு அப்போதும் அவரை முழுதாக வெறுக்கவில்லை.

நடு நூலில் இந்தப் பாட்டு வந்தது:

*கோயிலின் கதவு சாத்திய இரவில்*
*வாயிலில் நின்றேன், வந்தனை நீயே.*
*ஊருக்கு நீயொரு பேருடை இறைவன்;*
*யாருக்கும் காட்டா முகம்எனக் களித்தாய்.*

அதை அடுத்து இந்த உரை வந்தது:

*எல்லாரும் போன வழியில் போனேன். அங்கே எல்லாரும் இருந்தார்கள், அவன் இல்லை. குருவின் கையைப் பிடித்துக்கொண்டு போனேன். குருவின் வீட்டுக்குத்தான் போய்ச் சேர்ந்தேன். பிறகு தனியே போய் வழிதவறினேன். அங்கே அவன் எனக்கு முன்பே வந்து உட்கார்ந்திருந்தான்.*

"நிறுத்தும்!"

மடத்துத் தலைவர் வாமசிவ தேசிகர் எழுந்து நின்றார். கோபத்தில் அவருடைய ருத்திராட்ச மாலைகள் குலுங்கின.

"இளவரசே! கோயில் வேண்டாம், குரு வேண்டாம் என்பதா தாங்கள் கண்ட சைவம்? செய்தவர் விடை சொல்லவேண்டும். 'யாருக்கும் காட்டா முகம்' என்பது எந்த முகம்?"

சேந்தராயர் விழித்தார். "அது... அடியார்கள் எல்லோருக்கும் அவன் காட்டும் முகந்தான், சுவாமி."

"எல்லோருக்கும் காட்டுவதை 'எனக்களித்தாய்' என்பானேன்?"

"வேண்டுமானால் அந்த ஏட்டை எடுத்துவிடலாம்!" என்று சொல்லிக்கொண்டே இளவரசர் அவசர அவசரமாகக் கட்டைத் தளர்த்தி, அந்த ஓலையை உருவி, விளக்கில் காட்டினார். அது சுருண்டு கருகியது.

"ஓர் ஓலையை எரித்தால் தீருமா? நூல் முழுவதும் இதே நாற்றந்தான் அடிக்கிறது," என்றார் தேசிகர். "இது சிவநிந்தை. செய்தவர் அக்கரைக்குப் போகவேண்டியதுதான், இளவரசரே ஆனாலும்!"

தூதரின் முகம் இருண்டது. அதைப் பார்த்ததும் இளவரசரின் முகம் வெளுத்தது. சட்டென்று அவர் கை பெண்கள் பகுதியை நோக்கி நீண்டது.

"சுவாமி! ஏந்தி வந்தவன் என்ற முறையில்தான் என் பெயரைச் சொன்னேன். நான் செய்ததல்ல! அதோ, தூணருகில் இருக்கிறாளே, பதிகம் பாடும் வீதிவிடங்கி, அவள் செய்தது இது!"

கேட்டீர்களா, வாசகர்களே? வாக்கைக் காப்பாற்றிவிட்டார்! அக்கரையில் இருப்பவனுக்கும் கேட்கும்படிதான் சொன்னார்.

பந்தல் முழுவதும் திரும்பிப் பார்த்தது. தேசிகர் அவளை ஏற இறங்கப் பார்த்துவிட்டு இரக்கத்தோடு சிரித்தார். "பெண்ணே, பயப்படாதே. இவ்வளவு கனமான நூலைச் செய்யப் பாடுமகள் ஒருத்தியால் ஆகாது என்பது எனக்குத் தெரியாதா? தம் குற்றத்தை உன் தலையில் கட்டப் பார்க்கிறார் இளவரசர். 'இல்லை' என்று ஒரு வார்த்தை சொல். முன்னே சொன்ன சத்தியமே நிற்கும். நீ வீட்டுக்குப் போகலாம்."

"சொல்லுடி!" ஐயாறி அவள் கையைக் கிள்ளினாள். "இல்லைன்னு சொல்லித் தொலை! அந்த ஆளு ஒழியட்டும்! உனக்கு உன் வீடு இருக்கு, என் கண்ணு!"

மேடையில் சேந்தராயரின் கண்கள் அவளைக் கெஞ்சின. மகிழ மரத்தடியில் பார்த்த அதே கண்கள்! அவற்றைப் பார்த்த மாத்திரத்தில் அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

விடங்கி எழுந்தாள். கூட்டம் விலகி வழிவிட, விளக்கின் முன் வந்து நின்றாள்.

"நான்தான் செய்தேன்."

"யோசித்துச் சொல், பெண்ணே!"

"யோசித்துத்தான் சொல்கிறேன், சுவாமி. விடையும் சொல்கிறேன். கதவு சாத்தியபோது தாங்கள் உள்ளே இருந்தீர்கள், நான் வெளியே இருந்தேன். உள்ளே தங்களுக்கு என்ன தெரிந்தது என்று நான் எழுதவில்லை. வெளியே எனக்குத் தெரிந்ததை எழுதினேன். என் கண்ணுக்குத் தெரிந்ததற்கு 'எனக்கு' என்று எழுதாமல் வேறு யார் பெயரை எழுதுவேன்?"

முன்வரிசைக் கிழவர் ஒருவர் தம்மை மறந்து "ஆகா!" என்றார். தேசிகர் திரும்பி முறைத்ததும் அவர் வாயை மூடிக்கொண்டார். மறுமொழி வராத இடத்தில் தண்டனை வரத் தாமதமாகுமா? ஏட்டுக்கட்டு முழுவதும் விளக்கடித் தீயில் போடப்பட்டது. ஊர்ப் பெயரேட்டிலிருந்து விடங்கியின் பெயரை நீக்கிவிட்டு, உடனே அக்கரையில் கொண்டுபோய் விடும்படி காவலருக்கு உத்தரவாயிற்று. பட்டும் பரிவட்டமும் வந்த தட்டு வந்த வழியே உள்ளே போயிற்று.

நீர்வாயிலில் விடங்கியைப் படகில் ஏற்றினார்கள். ஐயாறி அழுத அழுகையில் படகுக்காரன்கூடத் துடுப்பைக் கீழே வைத்துவிட்டான். கொஞ்ச நேரம் கழித்து, முக்காடிட்ட உருவம் ஒன்று நீர்வாயிற் படிகளில் இறங்கி வந்தது. காவலர்கள் விலகி நின்றார்கள். வந்தவர் சேந்தராயர்.

"விடங்கி!" அவர் முக்காட்டை விலக்கினார். "நான் உனக்குச் செய்த துரோகத்துக்கு ஏழேழு பிறவிக்கும் கழுவாய் கிடையாது. அப்படியிருந்தும் என்னைக் காப்பாற்றினாயே! இல்லை என்று நீ ஒரு சொல் சொல்லியிருந்தால் என் கதி என்ன? இவ்வளவு அன்பா என்மேல் உனக்கு?"

அதுவரை அவரைத் 'தாங்கள்' என்றே அழைத்து வந்தவள், நிமிர்ந்து பார்த்தாள்.

"அன்பா? உமக்காகவா சொன்னேன் என்று நினைத்தீர்? 'இல்லை' என்று சொல்லியிருந்தால் இந்தப் படகில் இப்போது நீர் உட்கார்ந்திருப்பீர். அதைப் பார்க்க எனக்கு எவ்வளவு ஆசையாக இருந்தது, தெரியுமா?"

"பின் ஏன்...?"

"சொல்லியிருந்தால் நூல் உம்முடையதாகியிருக்கும்."

விடங்கி படகுக்காரனைப் பார்த்து, "தள்ளப்பா," என்றாள்.