லு மோர்ன் மலைக் கல்

காலையில் சாமித்தட்டைத் துடைக்கப்போன லக்ஷனா, வைரவர் நனைந்திருந்ததைப் பார்த்தாள். பூசியிருந்த திருநீறு கரைந்து வழிந்திருந்தது. பிரெஞ்சுத் தலைநகரின் லா சப்பலில், கீழே கொத்துரொட்டியும் டீசலும் மணக்கிற ஆறாம் மாடி அறையில், கடல் உப்பின் வாடை அடித்தது.

வைரவர் என்றால் கோயிலில் வாங்கியதல்ல. எதிர் அறையிலிருந்த மொரிசியஸ்காரி சுசான் வீடு மாறியபோது விட்டுப்போன கறுத்தக் கல். கல்லைக் கண்டால் எங்கள் ஆள் சும்மா விடுவானா? லக்ஷனாவின் கணவன் கிருஷாந்த் அதைத் தூக்கிவந்து பொட்டு வைத்து, வெள்ளிக்கு வெள்ளி வடைமாலை சாத்தினான். வன்னியிலிருந்து தப்பி வந்து, அகதி விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டு, மேன்முறையீட்டு முடிவுக்குக் காத்திருப்பவனுக்கு ஒரு காவல் வேண்டியிருந்தது, பாவம்.

காவல் வந்த பிறகுதான் பயம் கூடியது. படிக்கட்டில் யார் நடந்தாலும் "பொலிஸ்" என்று எழுந்து ஜன்னலைத் திறப்பான். தொலைபேசியையும் அணைத்துவிட்டான். அவன் எழும்போதெல்லாம் கூடவே பலர் எழும்புவதுபோல் பலகைத் தரை முனகியது.

மத்தியானம் சுசான் கல்லைத் தேடி வந்தாள். வடைமாலையைக் கண்டதும் அவள் முகம் செத்துப்போயிற்று.

"இது எங்கள் தீவில் லு மோர்ன் மலையடியில் எடுத்தது," என்றாள் பிரெஞ்சில். "தப்பியோடிய அடிமைகள் அந்த உச்சியில்தான் ஒளிந்திருந்தார்கள். சிப்பாய்கள் ஏறி வருவதைப் பார்த்து, பிடிபடுவதைவிடச் சாவு மேல் என்று கடலை நோக்கிக் குதித்துவிட்டார்கள். 'உங்களுக்கு விடுதலை' என்று அவர்களிடம் சொல்லத்தான் சிப்பாய்கள் வந்தார்களாம். நான் அவர்களை நினைத்துக்கொள்ள வைத்திருந்தேன். நீங்கள் படையல் வைத்துக் கூப்பிட்டுவிட்டீர்கள்."

கல்லைச் சால்வையில் சுற்றிக்கொண்டு போய்விட்டாள். லக்ஷனாவுக்குப் பெரிய ஆறுதல். ஆனால் உப்பு வாடை போகவில்லை.

இருட்டுகிற நேரம் படிக்கட்டில் கனத்த காலடி.

கிருஷாந்த் எழுந்தான். தரை முனகியது. ஜன்னல் திறந்தது. காலடி வாசலில் நின்றது.

"தங்கச்சி, நான் வாமதேவன்." சட்டத்தரணியிடம் அவர்களுக்காக மொழிபெயர்க்கிறவர். "போன் எடுக்கிறியளில்லை. கிருஷாந்துக்கு மேன்முறையீட்டிலை ஓம் சொல்லிப்போட்டாங்கள். இனி பயமில்லை."

லக்ஷனா சந்தோசத்தோடு, "இஞ்சாருங்கோ, கேட்டதோ?" என்று திரும்பினாள்.

அறை நிறைய முதுகுகள்.

ஈர முதுகுகள். ஆண், பெண், பிள்ளைகள். வரிசையாக ஜன்னலுக்கு. ஒருவர் ஏறினார். போனார். அடுத்தவர் ஏறினார். விழுந்த சத்தமே இல்லை. கிருஷாந்தின் ஒரு கால் விளிம்பில்.

பாய்ந்து அவன் சட்டையைப் பிடித்தாள். இழுத்தாள். அவன் திரும்பவில்லை.

வெளியே வாமதேவன் சிரித்துக்கொண்டே கதவைத் தட்டினார்.

அவளுக்குப் பின்னால், இடுப்பில் குழந்தையோடு நின்ற ஒருத்தி, குளிர்ந்த உள்ளங்கையை லக்ஷனாவின் முதுகில் வைத்து மெதுவாக முன்னே தள்ளினாள்.