பதினான்காம் எண் பழுப்பு

"மூஞ்சியைப் பாரு... சிரிச்சா சம்பளத்துல பிடிச்சிடுவாங்க போல!"

வாய்க்குள்தான் முணுமுணுத்தாள். அதுவும் தமிழில். பதினோரு மணி நேரப் பயணம், ஒன்றேகால் மணி நேர வரிசை, வீங்கிப்போன கால்கள்... கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த அதிகாரிக்கு எங்கே புரியப்போகிறது என்ற தைரியம்.

அவன் அவளுடைய பாஸ்போர்ட்டை ஒவ்வொரு பக்கமாகப் புரட்டிக்கொண்டிருந்தான். நிமிராமலே சொன்னான்.

"பிடிக்க மாட்டாங்க. வலது கை நாலு விரலையும் இந்தக் கண்ணாடி மேல வைங்க."

அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

ஐயோ... தமிழ்!

விரல்களை வைத்தாள். இயந்திரம் ஏற்கவில்லை. "இன்னும் கொஞ்சம் அழுத்தி," என்றான். காமிராவைப் பார்க்கச் சொன்னான். பார்த்தாள். படத்தில் நிச்சயம் பேயறைந்த மாதிரிதான் விழுந்திருப்பாள்.

"எதுக்காக வந்திருக்கீங்க?"

"அக்காவைப் பாக்க. புது வீடு வாங்கியிருக்கா."

"எத்தனை நாள்?"

"மூணு வாரம்." திரும்பிப் போகும் டிக்கெட்டை அவன் கேட்கும் முன்பே நீட்டினாள். அக்கா வீட்டு விலாசத்தையும் ஒப்பித்தாள். 'கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லு, என்னைப் பாக்க வந்தேன்னு சொன்னாலே போதும்' என்று அக்கா போனில் நாலு தடவை பாடம் நடத்தியிருந்தாள்.

"ஊர்ல என்ன வேலை பாக்கறீங்க?"

"கண்ணு செய்யறேன்."

அவன் கை விசைப்பலகை மேல் அப்படியே நின்றது.

"என்ன செய்யறீங்க?"

"கண்ணு. மனுஷங்க கண்ணு. விபத்துல, நோயில கண்ணு போனவங்களுக்கு வைக்கிற செயற்கைக் கண்ணு இருக்கில்ல... அதுக்கு வண்ணம் தீட்டறது நான்தான்."

முதல் தடவையாக அவன் அவளை நிமிர்ந்து பார்த்தான். நீண்ட இமைகள். மழைக்காலத்துக் குளம் மாதிரி, அடியில் என்ன இருக்கிறதென்று காட்டாத பார்வை... அவளுக்குள் ஏதோ ஒன்று தடுக்கி விழுந்தது. கூடவே, தொழில் பழக்கத்தில், வேறொன்றும் உறுத்தியது. அது என்னவென்று யோசிப்பதற்குள் அடுத்த கேள்வி வந்துவிட்டது.

"வேலைச் சாமான் ஏதாவது கொண்டு வந்திருக்கீங்களா?"

"மாதிரிப் பெட்டி ஒண்ணு. தூரிகை ரெண்டு. மூணு வாரம் கை சும்மா இருந்தா பழக்கம் விட்டுப்போகும். அதான்..."

அவன் பக்கத்து மேசைக்காரரிடம் ஏதோ சொல்லிவிட்டு எழுந்தான்.

"என்கூட கொஞ்சம் வாங்க."

வரிசை மொத்தமும் அவளைத் திரும்பிப் பார்த்தது.

*

அது சின்ன அறை. தரையோடு திருகிய நாலு நாற்காலிகள், ஒரு மேசை, தண்ணீர்க் குவளைகள், ஓசையே இல்லாமல் ஓடும் கடிகாரம். ஜன்னலுக்கு வெளியே மழை, விமானங்களின் முதுகில் கொட்டிக்கொண்டிருந்தது.

"பயப்படாதீங்க," என்றான் அவன். குரலில் கடுமை இல்லை. அதுதான் இன்னும் பயமாக இருந்தது. "பையைத் திறந்து பாப்போம். உங்க அக்காவுக்கு ஒரு போன் போடுவோம். நீங்க சொன்னதும் அவங்க சொல்றதும் ஒத்துப்போச்சுன்னா கிளம்பிடலாம்."

"ஒத்துப்போகலன்னா?"

"நீங்க வந்த விமானம் சாயங்காலம் திரும்பிப் போகுது."



பையைச் சோதிக்க ஒரு பெண் அதிகாரி வந்தாள். தமிழ் தெரியாதவள். துணிகளை ஒழுங்காக எடுத்து வைத்தாள். அடியிலிருந்த மரப்பெட்டியைத் திறந்தாள்... "ஆ!" என்று அலறிக்கொண்டு சுவரோடு ஒட்டிக்கொண்டாள்.

வெல்வெட் குழிகளிலிருந்து முப்பது கண்கள் அவளை வெறித்துப் பார்த்துக்கொண்டிருந்தன. கறுப்பு, சாம்பல், பச்சை, விதவிதமான பழுப்பு மினுக்கங்கள்.

பெட்டிக்குச் சொந்தக்காரிக்குச் சிரிப்பு பீறிட்டது. அவனைப் பார்த்தாள். அவன் சிரிக்கவில்லை. பெட்டியையே பார்த்துக்கொண்டு சிலையாக நின்றான். முகத்தில் ரத்தமே இல்லை.

பிறகு சமாளித்துக்கொண்டு போனை எடுத்தான். ஒலிபெருக்கியைப் போட்டான். தன்னை யாரென்று சொல்லி, தங்கை எதற்காக வருகிறாள் என்று கேட்டான். அவன் தமிழைக் கேட்டதும் அக்காவுக்கு ஒரே குஷி.

"தமிழா சார் நீங்க? அப்ப உங்ககிட்ட மறைக்கறதுக்கு என்ன இருக்கு! அவ கல்யாண விஷயமாத்தான் வர்றா. சனிக்கிழமை மாப்பிள்ளை வீட்டுக்காரங்க பாக்க வர்றாங்க. பையன் தங்கம். முடிஞ்சுதுன்னா இங்கயே தங்கிடுவா. அவகிட்ட மட்டும் மூச்சு விட்டுடாதீங்க சார், தெரிஞ்சா விமானத்தை விட்டே குதிச்சிடுவா!"

அவன் போனை வைத்தான்.

அவள் நாற்காலியில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். மாப்பிள்ளையா? சனிக்கிழமையா? சொந்த அக்கா... சொந்தக் கல்யாணம்... அதை ஒரு குடிவரவு அதிகாரியின் போன் வழியாகவா தெரிந்துகொள்ள வேண்டும்!

"நீங்க சொன்னதும் அவங்க சொன்னதும் ஒத்துப்போகலையே," என்றான் அவன் மெதுவாக. "இதைக் கேக்காம இருக்க முடியாது. கல்யாணம் பண்ணிக்கிட்டு இங்கயே தங்கற எண்ணத்தோட வந்தீங்களா?"

"எனக்கே இப்பத்தான் சார் தெரியும்!"

"அப்படின்னா இந்தச் சாமான்? இங்க வேலை தேடற திட்டம்..."

அவ்வளவுதான். அவமானம், களைப்பு, அக்கா மேலிருந்த ஆத்திரம்... எல்லாம் ஒன்றாகப் பொங்கிக்கொண்டு வந்தது.

"நான் பொய் சொல்றேன்னு நினைக்கறீங்க, இல்ல? நான் செய்யற வேலை என்னன்னு இப்ப காட்டட்டுமா?"

பெட்டிக்குள் கை போயிற்று. பதினான்காம் எண். ஓரத்தில் காப்பித்தூள் நிறம், நடுவில் தேன். அதை எடுத்து, எட்டி, அவன் இடது கண்ணுக்குப் பக்கத்தில் பிடித்தாள்.

"உங்களுக்கு வச்சிருக்கிறது தப்பான கலர். யார் செஞ்சாங்களோ, ஒரே பழுப்பை அப்பி விட்டிருக்காங்க. வலது கண்ணு திரும்பி அரை நொடி கழிச்சுத்தான் இது திரும்புது. வெளிச்சம் பட்டா அது சுருங்குது, இது சுருங்கல. நல்லா பாத்துக்குங்க, இதுதான் என் வேலை!"

சொல்லி முடித்த பிறகுதான் தன் கையைப் பார்த்தாள்.

பெண் அதிகாரிக்கு மொழி புரியவேண்டிய தேவையே இருக்கவில்லை. அந்தக் கண்ணையும் அவன் கண்ணையும் மாறி மாறிப் பார்த்தாள். அவள் கை வாயைப் பொத்திக்கொண்டது.

 அவன் தலை குனிந்துகொண்டான். அந்த ஒரு நொடியில் பெரிய ஆள் ஒருவன் பள்ளிக்கூடப் பையனாகச் சுருங்கிப்போவதை அவள் பார்த்தாள்.

'கடவுளே... என்ன காரியம் செய்தேன்! யாருக்கும் தெரியக் கூடாது என்றுதானே எங்களிடம் வருகிறார்கள்? அதைக் காப்பாற்றத்தானே நான் தூரிகை பிடிக்கிறேன்?'

அவன் அந்தப் பதினான்காம் எண்ணை அவள் விரல்களிலிருந்து பதமாக வாங்கிக் குழியில் வைத்தான். பெட்டியை மூடினான். முத்திரையை எடுத்து பாஸ்போர்ட்டில் குத்தினான்.

"மூணு வாரம். சம்பளம் வாங்கினாலும் வாங்காட்டியும் வேலை எதுவும் செய்யக் கூடாது. உங்க பதில்ல உண்மை இருக்குன்னு எழுதிடறேன்." கொஞ்சம் நிறுத்தினான். "போகலாம்."

திட்டியிருந்தால் தேவலை. கத்தியிருந்தால் தேவலை. அவள் பையை இழுத்துக்கொண்டு வெளியே வந்தபோது கண்ணாடிச் சுவர்களெல்லாம் மங்கலாகத் தெரிந்தன. மழையினாலா, கண்ணீரினாலா... அவளுக்கே தெரியவில்லை.

*

சனிக்கிழமை மாப்பிள்ளை வந்தார். பாலம் கட்டும் பொறியாளர். குறை சொல்ல ஒன்றுமில்லை. அடக்கமாகப் பேசினார். அவள் வேலையைப் பற்றி ஆர்வமாகக்கூடக் கேட்டார். அவள் அவர் கண்களைப் பார்த்தாள். இரண்டும் அசல். ஒன்றாகத் திரும்பின, ஒன்றாகச் சுருங்கின.

ஒன்றுமே தோன்றவில்லை.

அவர்கள் போனதும் அக்கா சமையலறைக்குள் அவளை மடக்கினாள். அத்தான் நாசூக்காகக் குப்பையைக் கொட்டப் போய்விட்டார்.

"என்னடி முடிவு?"

"வேண்டாம்க்கா."

"ஏன்? மூக்கு கோணலா, பல்லு நீட்டமா?"

"அவருகிட்ட குறையே இல்லக்கா."

"பின்ன என்ன கேடு உனக்கு? வேற எவனாவது இருக்கானா?"

"இருக்கார்."

வார்த்தை விழுந்துவிட்டது. அக்காவைவிட அவளுக்குத்தான் அதிர்ச்சி. இருக்காரா? எப்போதிருந்து? ஐந்து நாளாகக் கண்ணை மூடினால் ஒரு குனிந்த தலை... அதற்கு இதுதான் பெயரா?

"யாருடி அது?" அக்காவின் கரண்டி அந்தரத்தில் நின்றது.

"என்னை... ஏர்போர்ட்ல விசாரிச்ச ஆபீசர்."

கரண்டி கீழே விழுந்தது.

"உன்னைத் திருப்பி அனுப்பப் பாத்தவனா? அட பைத்தியமே! முத்திரை குத்தினவனையெல்லாமா கட்டிக்குவாங்க?"

"அவர் என்னை ஒண்ணும் பண்ணலக்கா. நான்தான் அவரைப் பண்ணிட்டேன்."  நடந்ததையெல்லாம் சொன்னாள். அக்கா கேட்டாள். கேட்டு முடித்து, கீழே கிடந்த கரண்டியை எடுத்துக் கழுவினாள்.

"நான் ஒளிச்சு வச்சதாலதானே இவ்வளவும்..." என்றாள் கடைசியில். "சரி, போய் மன்னிப்பாவது கேட்டுட்டு வா. அந்த மனுஷன் என்ன பாடு படறானோ."

*

மறுநாள், விமான நிலைய வருகைக் கூடத்தின் வெளிப்புறம். பூங்கொத்துகளோடும் பெயர் எழுதிய அட்டைகளோடும் ஆட்கள் காத்திருந்த தடுப்பின் ஓரத்தில் அவள் காலையிலிருந்து உட்கார்ந்திருந்தாள். எதிர்ச்சுவரில் ஊழியர்கள் வரும் கதவு. இரண்டு மணிக்கு அது திறந்தது. ஒருவர், இருவர்... பிறகு அவன். சீருடை இல்லை. நீலச் சட்டை, கையில் சாப்பாட்டுப் பை.

அவளைப் பார்த்ததும் அவன் கால் தரையோடு ஒட்டிக்கொண்டது.

"புகார் கொடுக்கற இடம் மாடியில இருக்கு," என்றான் தடுமாறி.

"புகார் கொடுக்க வரல. மன்னிப்புக் கேக்க வந்தேன்." ஒத்திகை பார்த்து வைத்திருந்த நாலு வாக்கியமும் மறந்துபோயிற்று. "நான் செஞ்சது... என் தொழிலுக்கே துரோகம். அதைச் சொல்லத்தான்..."

அவன் அவளைப் பார்த்துக்கொண்டே நின்றான். பிறகு அவள் எதிர்பார்க்காத ஒன்றைச் செய்தான். சிரித்தான்.

"சம்பளத்துல பிடிச்சாலும் பரவால்ல," என்றான்.

அவளுக்கு முகமெல்லாம் சூடாயிற்று.

"பத்தொன்பது வயசுல பேட்மிண்டன் ஆடும்போது அடிபட்டுது. ஆபீஸ் ரிக்கார்டுல இருக்கு. ஆனா கூட வேலை செய்யறவங்க யாருக்கும் சொன்னதில்ல. ஒன்பது வருஷம்... கேன்டீன்ல எப்பவும் சுவர் ஓரமாத்தான் உக்காருவேன். இடது பக்கம் யாரும் வரக் கூடாது பாருங்க. நீங்க போனப்புறம் யோசிச்சேன். பையைச் சோதிச்ச அந்தம்மா போய்ச் சொல்றதுக்கு முன்னாடி நானே சொல்லிடலாம்னு, அன்னைக்கே செக்ஷன்ல எல்லாரையும் கூப்பிட்டுச் சொல்லிட்டேன்."

"ஐயோ... என்ன சொன்னாங்க?"

"அதுலதான் நான் ஆடிப்போயிட்டேன். பாதிப் பேருக்கு முன்னாடியே தெரியுமாம்!" அவன் பையைக் கை மாற்றிக்கொண்டான். "எனக்கு இடது பக்கம் அவங்களா உக்காராம இருந்திருக்காங்க. ஒன்பது வருஷமா. ஒருத்தர்கூட ஒரு வார்த்தை கேக்காம."

அவள் கண்கள் நிறைந்துவிட்டன.

"ஆனா அந்தக் கலர் தப்புன்னு எங்க அம்மாகூடச் சொன்னதில்ல," என்றான்.

"அதை நான் மாத்தித் தர்றேன்."

"இங்க செஞ்சீங்கன்னா உங்களை நானே திருப்பி அனுப்பணும்."

"அப்ப நீங்க எங்க ஊருக்கு வரணும்."

 கதவுகள் திறந்து மூடின. யாரோ யாரையோ கட்டிக்கொண்டு அழுதார்கள்.

"மாப்பிள்ளை வந்தாரா?" அவன் தரையைப் பார்த்துக்கொண்டு கேட்டான்.

"வந்தார். வேண்டாம்னு சொல்லிட்டேன். அக்கா காரணம் கேட்டா..." அவள் தைரியத்தையெல்லாம் கூட்டிக்கொண்டாள். "உங்களைச் சொல்லிட்டேன்."

சாப்பாட்டுப் பை அவன் கையிலிருந்து நழுவியது. அதை எடுக்கக்கூட அவனுக்குத் தோன்றவில்லை.

"உங்க அக்கா விலாசம் எனக்கு மனப்பாடம்," என்றான் தணிந்த குரலில். "போன் நம்பரும். ஆனா நீங்க பயந்துக்கிட்டு எங்ககிட்ட குடுத்த விவரம் அது. அதை வச்சுக்கிட்டு வந்து வாசல்ல நின்னா நான் மனுஷனே இல்ல. அதனால மேலதிகாரிகிட்ட கேட்டேன்."

"என்னது! மேலதிகாரிகிட்டயா? என்னன்னு கேட்டீங்க?"

"ஒரு பயணியைப் பிடிச்சுப்போச்சு, என்ன செய்யறதுன்னு."

"கடவுளே... அவர் என்ன சொன்னார்?"

"பத்து நிமிஷம் சிரிச்சார். அப்புறம், நீயா தேடிப்போகக் கூடாது, அவங்களா வந்தா அது உன் அதிர்ஷ்டம்னார்."

"வந்துட்டேனே!" என்றாள் அவள். சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன.

வெளியே மழை விட்டபாடில்லை. அவன் பையைப் பொறுக்கிக்கொண்டு குடையை விரித்தான். அவள் அவன் பின்னால் சுற்றிக்கொண்டு போய் இடது பக்கம் நின்றுகொண்டாள்.

அவன் உடம்பு ஒரு கணம் விறைத்தது. பிறகு தளர்ந்தது. தலையை முழுக்க அவள் பக்கம் திருப்பினான்.

"எனக்கு உங்களை ரொம்பப் பிடிச்சிருக்கு," என்றான், மழைக்கு மேல் கேட்கும்படி. "அந்தக் கண்ணை என் முகத்துக்கு நேரா நீட்டித் திட்டினீங்களே... அந்த நிமிஷத்துலேர்ந்து."

"அதுலேர்ந்தா?" அவள் குடைக்குள் இன்னும் நெருங்கி நின்றாள். "எனக்கு... அதுக்கும் முன்னாடி, நீங்க முதல் தடவை நிமிர்ந்து பாத்தீங்களே, அப்பவே."