தண்ணீர் கேட்கும் காட்சி

இரும்புக் கட்டிலை மோதிரத்தால் தட்டுகிற சத்தம். மெர்வின் கண்ணைத் திறக்காமலே யோசித்தான். சேலையூரில் அவர்கள் குடியிருக்கும் இந்த வாடகை வீட்டில் இரும்புக் கட்டிலே கிடையாது. பக்கத்து அறையில் அப்பா ஏசுபாதம் படுத்திருப்பது மரக்கட்டில். விரல் வீங்கிப் போய் அவருடைய மோதிரத்தையும் போன வருஷமே அறுத்து எடுத்தாயிற்று.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். சர்ச்சுக்குப் போய்வந்து, மட்டன் குழம்பு சாப்பிட்டு, தெருவே அசந்து தூங்கிக்கொண்டிருக்க, குழம்பின் மசாலா வாசனை இன்னும் ஹாலில் தங்கியிருக்க, எங்கோ தூரத்தில் தாம்பரம் போகிற ரயில் ஒன்று மெல்லக் கூவி அடங்கியது. சாயங்காலம் ஆறரைக்கு நாடகம். அதற்காகப் பாயை விரித்து, சுவரைப் பார்த்து ஒருக்களித்துப் படுத்து, கடைசிக் காட்சியை ஒருதரம் ஓட்டிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

காட்சி இவ்வளவுதான். நோயாளி அப்பா கட்டிலைத் தட்டித் தண்ணீர் கேட்பார். மூன்று தரம். மகன் தூங்குகிற மாதிரி நடிப்பான். நாலாவது தரம் கேட்க அவர் உயிரோடு இருக்க மாட்டார். விளக்கு அணைந்த பிறகும் மகன் அப்படியே கிடப்பான். கைதட்டல் ஓயும்வரை எழுந்திருக்கக் கூடாது. பார்க்கிறவர்களுக்கு அதுதான் நெஞ்சை அடைக்கும்.

இதைத் தன் சொந்த வாழ்க்கை என்று சொல்லிப் பதினோரு மேடையில் அழுதுகாட்டிவிட்டான் மெர்வின். ஜனங்கள் வரிசையில் நின்று அவன் கையைப் பிடித்துக்கொண்டார்கள். ஒரு பெரியவர் அவன் தலையில் கைவைத்து ஜெபமே பண்ணினார். வெட்கங்கெட்டவன், கண்ணை மூடி அதையும் வாங்கிக்கொண்டான். பெற்ற அப்பா வீட்டில் குத்துக்கல்லாட்டம் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்.

கதை எப்சியுடையது. இரண்டு வருஷத்துக்கு முன்னால் அவன் நடத்திய நடிப்புப் பயிற்சிக்கு வந்த பெண். எல்லாரும் வட்டமாக உட்கார்ந்து, யாரிடமும் சொல்லாத ஒன்றைச் சொல்ல வேண்டும். வட்டத்தில் சொன்னது வட்டத்தை விட்டு வெளியே போகக் கூடாது. அந்த விதியைப் போட்டவனே அவன்தான். எப்சி நகத்தால் பாயைக் கீறிக்கொண்டே சொன்னாள்: மோதிரம், இரும்புக் கட்டில், தண்ணீர். அவளுக்கு ஆறுதல் சொன்ன அதே நேரத்தில், மேடையில் வெளிச்சம் எந்தப் பக்கத்திலிருந்து விழ வேண்டும் என்று இவன் யோசித்துக்கொண்டிருந்தான்.

காலையில் அவளிடமிருந்து மெசேஜ் வந்திருந்தது. "மெர்வின் அண்ணா, இன்னிக்கு உங்க ஷோவுக்கு வரேன். உங்க அப்பா விஷயம் இப்பதான் கேள்விப்பட்டேன். அன்னிக்கு என்கிட்ட சொல்லவே இல்லியே. இத்தனை நாளா எனக்கு மட்டும்தான் இப்படி நடந்துச்சுன்னு நினைச்சிட்டிருந்தேன்."

கூனிக் குறுகிப் போனான். உண்மையை எழுதினான், அழித்தான். மறுபடி எழுதினான், மறுபடி அழித்தான். கடைசியில் ஒரு கும்பிடு பொம்மையை அனுப்பிவிட்டுப் பாயில் வந்து படுத்தவன் காதில்தான் முதல்முதலாக அந்தச் சத்தம் விழுந்தது.

டக்.

அப்பாவின் அறையிலிருந்துதான். கூடவே ஒரு வாடை. டெட்டாலும் மூத்திரமும் கலந்த வாடை. அதையும் எப்சி சொல்லியிருந்தாள். மேடையில் வாடைக்கு வழியில்லை என்று இவன் விட்டுவிட்டான்.

"தண்ணி…"

அப்பா குரல்தான். ஆனால் அவர் "டேய், தண்ணி கொண்டாடா" என்று அதட்டுவாரே தவிர, இப்படி இழுத்துக் கேட்டதே இல்லை.

எழுந்திரு என்று உடம்புக்குச் சொன்னான். முழங்கால் இன்னும் கொஞ்சம் வயிற்றோடு ஒட்டிக்கொண்டது. மூச்சு நீண்டது. தூங்குகிறவன் மூச்சு. ஒரு மாதம் பழகிக் கற்றுக்கொண்ட மூச்சு.

டக்.

"தண்ணி குடு."

சமையலறை பத்தடி தூரம். போய் ஒரு டம்ளர் மொண்டு வந்தால் போதும். பயமாக இருந்தது. அதைவிட வெட்கமாக இருந்தது. ஏனென்றால் அந்தப் பயத்துக்குள்ளேயும் ஒருவன் விழித்திருந்து கவனித்துக்கொண்டிருந்தான். இந்த நடுக்கம் நன்றாயிருக்கிறது, சாயங்காலம் இதையே வைத்துக்கொள்ளலாம் என்றான்.

டக்.

மெதுவாக. பிறகு மூச்சிரைப்பு. பிறகு குரல்.

"முழிச்சிட்டுதானே இருக்க, பாப்பா."

எப்சியை அவள் அப்பா கூப்பிட்ட பெயர். ஆண்பிள்ளைக்குப் பொருந்தாது என்று மெர்வின் வெட்டியெறிந்த ஒரே சொல்.

மூச்சிரைப்பு நின்றது.

காத்திருந்தான். நாலாவது தட்டு வரவில்லை. அவனுடைய நகம் பாயைக் கீறிக்கொண்டிருந்தது. அதையும் அவன் செய்யவில்லை.

முதுகுக்குப் பின்னால் நாற்காலிகள் நகர்ந்தன. ஹால் நிறைய. யாரோ மூக்கை உறிஞ்சினார்கள். ஒருவர் கைதட்டினார். பிறகு எல்லாரும்.

அப்பா, என்று கத்தினான். வாய் திறக்கவில்லை. ஓய்ந்ததும் எழுந்துவிடலாம். ஓய்ந்ததும் ஓடிப்போய்ப் பார்க்கலாம்.

கைதட்டல் ஓயவில்லை.