மில்லுக்கே தெரிந்த நோய்

அன்று முன்னறையில் இருந்தவர்கள்: வீட்டுப் பெரியவர், நோயால் நெசவு மில் வேலையை விட்ட அவர் மகன், மகள், அவள் கணவர், துப்பறியும் அம்மாள், அவருக்கு உதவியாக வந்த அவருடைய கணவர். மகளின் பெட்டி கட்டித் தயாராக வாசலருகே இருந்தது.

பெரியவர் நாற்காலியில் சாயாமல் உட்கார்ந்திருந்தார்.

“இந்த வீட்டு விஷயம் வாசப்படி தாண்டினதில்ல. இப்ப மில்லு முழுக்க என் பையன் நோயைப் பத்திப் பேச்சு. அங்க கிடங்குல வேலை பாக்கிறது மாப்பிள்ளை. வேற யார் சொல்லியிருப்பா? அவர்தான்னு ஆச்சுன்னா இந்த வாசலை மிதிக்க வேண்டாம்.”

“அப்ப நானும் மிதிக்க மாட்டேன்ப்பா,” என்றாள் மகள்.

மருமகன் வாய் திறக்கவில்லை. அந்த மௌனமே பெரியவருக்குச் சாட்சியாகப் பட்டது.

அம்மாளின் கணவருக்கு இருப்புக் கொள்ளவில்லை. “நெசவுக்கூடத்து ஆளுங்களை விசாரிச்சேன். நோய் பேரைச் சொல்லி, ‘குளியலறையில ரெண்டு தடவை விழுந்துட்டாராம்’னு எல்லாரும் ஒரே மாதிரி ஒப்பிக்கிறாங்க. மாப்பிள்ளை பாடம் எடுத்திருக்கார். கேஸ் முடிஞ்சுது!”

“கொஞ்சம் மூச்சு விடுங்க,” என்றார் அம்மாள்.

“ரெண்டு தடவையா?” பெரியவர் நிமிர்ந்தார். “ஒரு தடவைதான். அதுவும் மாடிப்படியில.”

மகன் தலை குனிந்தான். “படியில இல்லப்பா, குளியலறையிலதான். ரெண்டு தடவை. நீங்க பயந்துடுவீங்கன்னு வீட்ல யாருக்கும் நிஜத்தைச் சொல்லல. உதவித்தொகை தர்ற காப்பீட்டு ஆபீஸ் டாக்டர்கிட்ட மட்டும் சொன்னேன். அங்க மறைச்சா மாசப் பணம் நின்னுடும்.”

“மாப்பிள்ளைக்கே தெரியாததை அவர் எப்படிச் சொல்லியிருப்பார்?” என்றார் அம்மாள். “வாய் மாறி வந்த பேச்சுக்குக் கண்ணு மூக்கு முளைக்கும். இதுக்கு முளைக்கல. எல்லாரும் ஒரே நேரத்துல நேராக் கேட்டிருக்காங்க. ” மகன் பக்கம் திரும்பினார். “தம்பி, உங்க நெசவுக்கூடத்து மேஸ்திரி போன்ல எப்படிப் பேசுவார்?”

“தறிச் சத்தத்துல காது மந்தம். எப்பவும் ஸ்பீக்கர்லதான்.”

அம்மாள் அவன் சொன்ன எண்ணை அழுத்தி, காப்பீட்டு ஆபீஸிலிருந்து போன் வந்ததா என்று கேட்டார். மேஸ்திரியின் குரல் அறையையே உலுக்கியது. “ஆமாம்மா! காப்பீட்டு ஆபீஸ்ல கூப்பிட்டாங்க. உட்கார்ந்து செய்ற வேலை இருக்கான்னு கேட்டாங்க. நோய், விழுந்தது எல்லாம் விவரமாச் சொன்னாங்க. கரண்ட் போய் தறி நின்னிருந்துச்சா, கூடம் முழுக்கத் தெளிவாக் கேட்டுச்சு!”

அம்மாள் போனை வைத்தார். “வேலை இருக்கான்னு கேக்க நோயைச் சொல்ல வேண்டியதே இல்ல. அந்த ஆபீஸ் பதில் சொல்லியாகணும்.”

பெரியவர் எழுந்து, மகளின் பெட்டியைத் தாமே உள்ளே தூக்கிப் போனார். திரும்பி வந்தபோது குரல் தாழ்ந்திருந்தது.

“மாப்பிள்ளை, நீங்க ஏன் ஒரு வார்த்தை பேசல?”

“பேசினா மச்சான் நோயைத்தானே பேசணும், மாமா. வெளியாளுங்க எதிர்ல எதுக்கு?”

மறுநாள் காலையிலேயே பெரியவர் மில் வாசலில் நின்றார். வேலைக்கு வந்த ஒருவர் இரக்கத்தோடு நெருங்கி, பையனுக்கு நிஜமாகவே அந்த நோய்தானா என்று கேட்டார்.

“அது அவன் சொந்த விஷயம். உங்களுக்கு வேண்டாம்.”

“உங்க மாப்பிள்ளைதான் வெளியே விட்டாருன்னு பேசிக்கிறாங்களே?”

“இல்ல. அவர் யார்கிட்டயும் ஒரு வார்த்தை சொல்லல.”